ஜெரி ரைஸா, ரேண்டி மாஸா: யாருடைய ஆட்டத்திலிருந்து தொடங்குவது?

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவரின் (எறியப்படும் பந்தை ஓடிச்சென்று பிடிக்கும் ஆட்டக்காரரின்) கலையை அறிய விரும்புவோர், ஓய்வுபெற்ற இவ்விருவரில் யாருடைய ஆட்டப் பதிவுகளை முதலில் பார்ப்பது என்று தயங்குவதுண்டு.

நீடிப்பு: ரைஸ் 1985 முதல் 2004 வரை 20 பருவங்கள் ஆடி, 1,549 முறை பந்தைப் பிடித்து 22,895 யார்டு சேர்த்தார்.
மாஸ் 14 பருவங்களில் 982 முறை பிடித்து 15,292 யார்டு சேர்த்தார்.

உச்சம்: 2007இல் நியூ இங்கிலாந்து அணிக்காக மாஸ் பிடித்த 23 டச் டவுன்களே (எதிரணியின் எல்லைப் பகுதியில் பந்தைப் பிடித்தோ அங்கே கொண்டுசேர்த்தோ புள்ளி பெறுவது டச் டவுன்) ஒரு பருவத்துக்கான சாதனை. ஆயினும் அவர் முறியடித்த 22 என்ற எண்ணிக்கையை, வீரர்களின் வேலைநிறுத்தம் குறுக்கிட்ட 1987 பருவத்தில் ரைஸ் 12 ஆட்டங்களிலேயே எட்டிவிட்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கோப்பை: ரைஸுக்கு சான் பிரான்சிஸ்கோ அணியுடன் 3 சூப்பர் பௌல் (பருவ இறுதிச் சாம்பியன் ஆட்டம்) வெற்றிகள், மாஸுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை.

கற்கும் எளிமை: மாஸின் உயரமும் வேகமும் பிறவிக்கொடை என்பதால் அவரைப் பின்பற்றுவது அரிது. ரைஸின் ஓட்டமோ துல்லியமான அடிவைப்பாலும் கடும் பயிற்சியாலும் அமைந்தது. அதைப் படிப்படியாகப் பயிலலாம்.

ஆகவே நுட்பம் பயில்வோருக்கு ரைஸே பொருத்தமானவர். ஒரே நீண்ட எறிதலில் ஆட்டம் திசைமாறும் பரவசத்தை நாடுவோர், மினசோட்டாவுக்காக மாஸ் 17 டச் டவுன்கள் பிடித்த 1998ஆம் ஆண்டின் அறிமுகப் பருவத்திலிருந்து தொடங்கலாம்.