பனிக்காட்சி வாழ்த்து அட்டை: சாய மையா, நிறமி மையா?

காரைக்குடிப் பக்கம் பனி பொழியாது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம்தான். அச்சு (ஸ்டாம்ப்) குத்திக் கிறிஸ்துமஸ் அட்டை செய்கிறவர்கள் மை வாங்கும்போது முதலில் இந்த ஈரத்தை யோசிக்க வேண்டும்.

சாய மை காகிதத்துக்குள் இறங்கிச் சட்டென்று காய்ந்துவிடும். பைன் மரம், மான், வேலி எல்லாம் கூர்மையாக விழும். பிள்ளைகள் கூடி உட்கார்ந்து நிறைய அட்டை குத்த இதுவே வசதி. ஆனால் பெரும்பாலான சாய மைகள் தண்ணீர் பட்டால் கலங்கும், வெளிச்சத்தில் நாளடைவில் வெளுக்கும்.

நிறமி மையின் துகள்கள் காகிதத்தின் மேலேயே படியும். அதனால்தான் கருநீல அட்டையில் வெள்ளைப் பனி பளிச்சென்று தெரிகிறது. சாய மைக்கு அடியில் இருக்கும் நிறத்தை மறைக்கத் தெரியாது. பனிக்காட்சிக்கு வெள்ளைதானே உயிர், அதனால் என் ஓட்டு நிறமிக்கே. அது மெதுவாகக் காய்வதையும் லாபமாக்கிக்கொள்ளலாம்: ஈரம் இருக்கும்போதே எம்பாசிங் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பொடி உருகிப் பனி புடைத்து நிற்கும். (ஹேர் டிரையர் வேண்டாம், சூடு போதாது, பொடியும் பறந்துவிடும்.)

பவுடர் இல்லையென்றால் பொறுமை வேண்டும். மழைநாளில் ராத்திரி முழுக்க விட்டுவைத்தாலும் சில சமயம் விரலில் ஒட்டும். அப்புறம், கல்யாணப் பத்திரிகை அச்சிடும் இடத்தில் மிச்ச அட்டை வாங்கினால் வழவழப்பானதை எடுக்காதீர்கள். அதன்மேல் நிறமி மை காயாமலே கிடக்கும். காயவைக்க வளவில் (வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில்) பரப்புவதென்றால், முற்றத்துச் சாரல் எட்டாத இடமாகப் பாருங்கள்.