அம்பாசடர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போர்ட்டிங்: சில வருஷம் ஓட்டிய பிறகு

எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு; அதன் உள்பக்கத்தைக் குடைந்து புகைக்கு வழி சீராக்குவது போர்ட்டிங். அதைச் செய்தால் வண்டி ஓட்டத்தில் வித்தியாசம் தெரியுமா என்றால், உண்டு. ஆனால் கொஞ்சம்தான், அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது மட்டும். தர்மபுரி டவுனுக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது.

என்னுடையது 1489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சின். மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் (எஞ்சினின் மேல்பகுதி) நடுவில் இருக்கிற கேஸ்கட் ஊதி, அதாவது கசிந்து, புகை நாற்றம் உள்ளே வந்ததால் மேனிஃபோல்டை எப்படியும் இறக்க வேண்டியிருந்தது. இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு மூன்றே எக்ஸாஸ்ட் ஓட்டை. இரண்டாவதும் மூன்றாவதும் நடுவில் ஒன்றாக வெளியே வரும். அந்த நடு ஓட்டைக்கு எதிரே மேனிஃபோல்டின் வார்ப்பு விளிம்பு உள்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. புகை வந்து நேராக முட்டுகிற இடம் அது.

லேத் பட்டறையில் புது கேஸ்கட்டை வைத்துக் கோடு கிழித்து, கார்பைடு பர்ரால் (சுழன்று இரும்பைச் சுரண்டும் முனை) அந்த விளிம்பையும் வார்ப்புப் பிசிறையும் எடுத்தோம். மேனிஃபோல்டு வாய் ஹெட் ஓட்டையைவிட மயிரிழை பெரிதாக இருக்கலாம், சின்னதாக மட்டும் இருக்கவே கூடாது. பளபளவென்று பாலிஷ் போடுவது வீண், கொஞ்ச நாளில் கரி படிந்துவிடும். இன்னும் உள்ளே வளைவு வரை குடையலாமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

"வேணாம்ணா. வார்ப்புல ஒரு பக்கம் தடிப்பா, ஒரு பக்கம் மெல்லிசா இருக்கும். வெளிய பாத்தா தெரியாது. சூடேறி எறங்குனா அங்கதான் விரிசல் வுடும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. இன்றுவரை விரிசல் இல்லை.

இன்னொன்று முக்கியம். இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டும் (பெட்ரோல் கலவை உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஸ்டட்டில் (ஹெட்டில் முறுக்கிய மரையாணி) இருக்கிற பெரிய வாஷர். கோணிப்போன எக்ஸாஸ்ட் முகத்தை மட்டும் சமன் செய்தால் அதன் ஃபிளேஞ்சு (ஹெட்டோடு சேரும் விளிம்புப் பட்டை) தடிமன் குறையும், வாஷர் இன்டேக்கை மட்டும் அழுத்தும், எக்ஸாஸ்ட் மறுபடி ஊதும். இரண்டு ஃபிளேஞ்சும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

டைமிங், டேப்பட், கார்புரேட்டர் எதையும் அப்போது தொடவில்லை. தொட்டிருந்தால் எதனால் வந்த மாற்றம் என்றே தெரிந்திருக்காது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முன்பு மூச்சு வாங்கும். இப்போது அதே ஆளோடு, அதே சுமையோடு கொஞ்சம் தாராளமாக ஏறுகிறது. அதில் ஒரு பங்கு ஊதல் நின்றதால் வந்தது என்றே நினைக்கிறேன். மைலேஜ் மாறவில்லை. புகை சுலபமாகப் போனால் பெட்ரோல் கலவை மெலியலாம் என்பதால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்; வெளுக்கவில்லை, அதே காபித்தூள் நிறம்தான்.

புகைக்கு உண்மையான நெருக்கடி வால்வ் சீட்டிலும் (வால்வ் வந்து உட்காரும் இடம்) ஹெட்டுக்குள் இருக்கிற வளைவிலும்தான். அடுத்து ஹெட் இறக்கும்போது அதைப் பார்க்கப்போகிறேன். போர்ட்டிங்குக்காக மட்டும் நன்றாக இருக்கிற மேனிஃபோல்டைக் கழற்றாதீர்கள். துருப்பிடித்த ஸ்டட் ஹெட்டோடு முறிந்தால், அதைத் துளைபோட்டு எடுக்கிற செலவு இந்த வேலைச் செலவைத் தாண்டிவிடும்.