டியூப் வழி உணவு: வீட்டுக் கஞ்சியா, பவுடர் பாலா?

பாம்பன், மண்டபம் பக்கமிருந்து அடிபட்டு ஐசியுவில் சேர்ந்தவருக்கு மூக்கு டியூப் போட்டதும், சொந்தக்காரர்கள் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்துவிடுவார்கள். கணக்குத்தான் இடிக்கிறது. 60 கிலோ உடம்புக்கு, முதல் சில நாள் படிப்படியாக ஏற்றிய பின், தினமும் சுமார் 1,500 கலோரியும் 78 கிராம் புரதமும் வேண்டும். 20 கிராம் அரிசியில் காய்ச்சிய 200 மில்லி கஞ்சியில் 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். கலோரியை மட்டும் ஈடுகட்டவே நாலு லிட்டருக்கு மேல் ஊற்றணும்! மீன் சாறும் அப்படித்தான். சதையெல்லாம் வடிகட்டியிலேயே நின்றுவிடும். மிஞ்சும் திப்பி டியூபை அடைக்கும்.

பவுடர் பால் (டியூப் வழி கொடுக்கவென்றே தயாரித்த சத்துப் பவுடரைத் தண்ணீரில் கலந்தது) விலை கூடுதல்தான். ஆனால் 200 மில்லியில் 200 கலோரி, 8 கிராம் புரதம். 1,500 மில்லி கொடுத்தாலும் புரதம் 18 கிராம் குறையும். அதற்குப் புரத மாவு தனியாகச் சேர்க்கணும்.

இந்தக் கரையில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆர்ஓ தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கலக்குங்கள். கலந்த பால் 4 மணி நேரம் தாங்கும், கஞ்சி 2 மணி நேரம்தான். எதைக் கொடுத்தாலும் தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கணும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டு டியூபைக் கழுவணும்.

ஐசியுவில் இருக்கும்வரை பவுடர் பால்தான். கஞ்சி, வார்டுக்கு மாறி வாயால் விழுங்கத் தொடங்கிய பிறகு.