ஓக், ஃப்ளாக், ஓபஸ்: ரேடியோ செட்டுக்காரர் மகனின் 17 வருடக் கணக்கு

பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டுக்கு இன்றும் ‘ரேடியோ செட்டுக்காரர் வீடு’ என்றுதான் பெயர். காதுகுத்து, கல்யாணம், கோயில் கும்பிடு என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அப்பாதான் குழாய் கட்டுவார். நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருவிழா சீசனில் செட்டும் போகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கோடை பண்பலை 100.5, இரவு கடை சாத்தும்வரை யாராவது ஒருவர் போனில் ஏதாவது ஒரு பாட்டு. ஆக, சத்தத்தில்தான் பிழைப்பு.

2008இலிருந்து என் சொந்தப் பாட்டுகளையும் பதிவுகளையும் ஓக், ஃப்ளாக், ஓபஸ் போன்ற திறந்த ஒலிக்கோப்பு வடிவங்களில்தான் வைத்திருக்கிறேன். அதாவது, யாரும் காசு கட்டாமல் பயன்படுத்தலாம், இலக்கணமும் எல்லோருக்கும் வெளிப்படை. மிக்ஸி வாங்கினால் ஒரு வாரம் சட்னி அரைத்துப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதிவிடலாம். கோப்பு வடிவத்தின் குணம் அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. எனக்கே பத்து வருடத்துக்கு மேல்தான் பிடிபட்டது.

ஆரம்பித்தது வீம்பில்தான், ஒத்துக்கொள்கிறேன். எம்பி3யை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர், காப்புரிமைக்குக் கட்டணம் வசூலிக்கப் போவதாக 1998 செப்டம்பரில் கடிதம் விட்டது. கிறிஸ் மான்ட்கோமரி என்பவர் யாருக்கும் கப்பம் கட்டத் தேவையில்லாத மாற்று ஒன்றைச் செய்வதில் மும்முரமாக இறங்கினார். 2002 ஜூலையில் வோர்பிஸ் 1.0 வந்தது. இந்தக் கதையைப் படித்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. இருந்த எம்பி3 எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் ஓக் ஆக மாற்றினேன். அது சுத்த முட்டாள்தனம். எம்பி3 ஏற்கெனவே தூக்கி எறிந்த ஒலி திரும்ப வராது. மறுபடி அமுக்கியதில் இன்னும் கொஞ்சம் போனதுதான் மிச்சம்.

ஓக்கும் வோர்பிஸும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: ஓக் என்பது தூக்குச்சட்டி, வோர்பிஸ் உள்ளே இருக்கும் குழம்பு. அதே தூக்குச்சட்டியில் ஓபஸும் வரும், வேண்டுமானால் ஃப்ளாக்கும் வரும். ஓபஸ், வோர்பிஸைப் போலவே ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துச் சுருக்கும். ஃப்ளாக் எதையும் கழிக்காமல் சுருக்கும்.

அடுத்த இரண்டு வருடம் ‘ஓக்கில் கேட்டால் சிம்பலே தனியாகத் தெரியுது’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. எது எதுவென்று எனக்குத் தெரியாதபடி ஃப்ளாக்கையும், தர அளவு 6இல் அமுக்கிய வோர்பிஸையும் (ஏறக்குறைய 192 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 192 கிலோபிட்) மாற்றி மாற்றிப் போட்டு, 16 தடவை கேட்டான். ஒன்பது சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் எட்டு வந்திருக்கும். அன்றோடு சிம்பல் கதையை நிறுத்தினேன்.

அப்பாவுக்கு இந்தச் சோதனையே தேவைப்படவில்லை. “குழாய்ல விட்டா எல்லாம் ஒரே தண்ணிதான்டா” என்றார். அவர் சொன்னதில் பௌதிகம் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் நடுவாந்திர சத்தத்தைத்தான் தூரத்துக்குத் தள்ளும். அடிச் சத்தமும் உச்சிச் சத்தமும் அதற்கு வராது. கோப்பைச் சிறிதாக்கும் நிரல் காதுக்கு எட்டாது என்று எதைக் கழிக்கிறதோ, அதில் பெரும்பகுதியைக் குழாய் எப்படியும் கொடுக்கப் போவதில்லை. புளூடூத் ஸ்பீக்கரிலும் ஏறக்குறைய இதே சங்கதி. நீங்கள் ஃப்ளாக்கே போட்டாலும், போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் எஸ்பிசி போல ஏதோ ஒன்று அதை மறுபடி அமுக்கித்தான் அனுப்புகிறது. ஃப்ளாக் கேட்கிறேன் என்று புளூடூத்தில் கேட்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சொல்வதில்லை, வாடிக்கையாளர்.

சரி, காதுக்கு வித்தியாசம் இல்லையென்றால் எதற்கு இத்தனை வருடம்? கேசட்டுகளுக்காக.

செட் போட்ட இடங்களில் ராத்திரி நாடகம் நடக்கும்போது ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு வயரை இழுத்து அப்பா டேப்பில் பதிந்து வைப்பார். எண்பதுகளில் தொடங்கிய பழக்கம். பீரோவின் அடித்தட்டு முழுக்க அந்த டி.டி.கே. 60கள். மலையின் ஈரம் யாரையும் விடாது. 2009இல் ஒரு கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, சுருளின் ஓரத்தில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. ஓடவிட்டால் அது ஹெட்டில் ஒட்டி, ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்குத் தொற்றும். ஒவ்வொன்றுக்கும் இடையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துத் துடைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து 23 கேசட்டுகளை ஏற்றி ஃப்ளாக்கில் போட்டு வைத்தேன்.

பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டார்.

“என்னடா, கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு?”

“பழைய டேப்புப்பா. அப்படித்தான் இருக்கும்.”

“டேப்பு பழசு இல்ல. ஹெட்டு சாஞ்சிருக்கு.”

டெக்கின் மூடியைக் கழற்றச் சொன்னார். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகாணி இருக்கும். டேப்புக்கு ஹெட் எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும். டேப்பை ஓடவிட்டு, மோனோவில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகார ரிப்பேருக்கு வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவரால் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கால் சுற்றுகூட வந்திருக்காது. கம்பளி விலகியது. ஆர்மோனியத்தின் ரீடு நறுக்கென்று வந்தது, ராஜபார்ட்டின் ‘ச’வும் ‘ஸ’வும் வேறு வேறாகக் கேட்டன, பின்னணியில் யாரோ ஒரு குழந்தை அழுவதுகூடத் தெரிந்தது. எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. 23 கேசட்டையும் முதலிலிருந்து ஏற்றினேன், ஒவ்வொன்றுக்கும் திருகாணியை அப்பா சரிபார்க்க.

ஃப்ளாக் தன் வேலையைக் குறையில்லாமல்தான் செய்திருந்தது. என் தப்பையும் ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றி வைத்திருந்தது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பதிவின் நுணுக்கத்துக்குப் பெரிய எண்ணாகப் பார்த்து வாங்குபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். வோர்பிஸை எழுதிய மான்ட்கோமரியே, கேட்பதற்கு அவ்வளவு பெரிய எண்ணால் பயனில்லை என்று 2012இல் விரிவாக வாதாடியிருக்கிறார்.

ஃப்ளாக்கின் சூத்திரம் எளிமையானது. முந்தைய அளவுகளை வைத்து அடுத்தது என்ன வரும் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். திறக்கும்போது இரண்டையும் கூட்டினால் அசல் அப்படியே திரும்பும். பழைய டேப்பில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ‘உஸ்ஸ்’ என்ற டேப் இரைச்சலை யாராலும் ஊகிக்க முடியாது. அதனால் வித்தியாசம் பெரிதாகும், கோப்பும் பெருக்கும். ஒரு மணி நேர மோனோ பதிவு அமுக்காமல் சுமார் 317 எம்பி. சுத்தமான பதிவு பாதியாகச் சுருங்கும், அப்பாவின் நாடகங்கள் 200 எம்பிக்குக் கீழே வருவதற்கே முக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஜோஷ் கோல்சன் 2001இல் முதல் பதிப்பை வெளியிட்டபோதே, ஒவ்வொரு கோப்பிலும் அசல் ஒலியின் எம்டி5 கைரேகையை (ஒலியிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்) பொதித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். கோப்பு கெட்டிருந்தால் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் மலையைப் புரட்டிப் போட்டது. மரங்கள் விழுந்து பாதையெல்லாம் அடைப்பு, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த அன்று ஏறி இறங்கிய வோல்டேஜில் என் ஹார்டு டிஸ்க் ஒரு மாதிரி முனக ஆரம்பித்தது. சோதனைக் கட்டளையைப் போட்டுவிட்டு டீயோடு உட்கார்ந்தேன். கருப்புத் திரையில் ஒவ்வொரு நாடகத்தின் பெயருக்கு நேராகவும் ‘ஓகே, ஓகே’ என்று வந்துகொண்டே இருந்தது. மூன்று இடத்தில் பிழை. மூன்றுக்கும் வத்தலக்குண்டில் தங்கச்சி வீட்டில் வைத்திருந்த பிரதி இருந்தது. பிரதி வைத்தது என் சமர்த்து. எந்த மூன்று என்று காட்டிக் கொடுத்தது ஃப்ளாக். அதே கோளாறு எம்பி3 கோப்பில் வந்திருந்தால், பத்து வருடம் கழித்து எவனாவது கேட்கும்போது நடுவில் ‘க்ரீச்’ என்று வந்து நிற்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

எதிர்ப்பக்கக் கதையும் என்னிடம் உண்டு. 2006இல், பெயர் வேண்டாம், பெரிய கம்பெனி ஒன்றின் டிஜிட்டல் வாய்ஸ் ரெக்கார்டர் வாங்கினேன். காப்பித் தோட்டத்துக்கு முந்தைய காலத்து ஊர்க் கதைகளைப் பெரியப்பா சொல்லச் சொல்ல, திண்ணையில் உட்கார்ந்து ஒன்பது பதிவு எடுத்தேன். அது தனக்கென்று ஒரு வடிவத்தில்தான் சேமிக்கும். திறக்க அவர்கள் கொடுத்த சிடியில் உள்ள மென்பொருள் வேண்டும். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் போயிற்று, ரெக்கார்டரின் பொத்தானும் போயிற்று. ஒன்பது கோப்புகளும் இன்னும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. கிடைத்த மாற்று நிரல்கள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன், இரைச்சல்தான் வருகிறது. பெரியப்பாவும் இப்போது இல்லை. 2008இல் நான் உருவாக்கிய முதல் ஃப்ளாக் கோப்பையோ இன்று எந்த போனில் போட்டாலும் பாடுகிறது. அந்த வடிவத்தின் முழு இலக்கணமும் 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று அச்சிட்ட தரமாகவே வந்துவிட்டது. நாளைக்கு எல்லா மென்பொருளும் அழிந்தாலும், அதைப் படித்து ஒரு கெட்டிக்காரப் பிள்ளை புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

ஓபஸ் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் குறை சொல்ல அதிகம் இல்லை. 2012இல் வந்தது. பேச்சைச் சுருக்க ஸ்கைப் கொடுத்த சில்க், இசையைச் சுருக்க மான்ட்கோமரி தொடங்கிய ஷிஃப் அமைப்பின் செல்ட், இரண்டையும் சேர்த்துக் கட்டியது. நாடகத்துக்கு 32 கேபிபிஎஸ் தாராளம். ஒரு மணி நேரம் 14.4 எம்பிக்குள் அடங்கும். மலைப்பாதையில் ஊத்து தாண்டினால் சிக்னல் எப்போது வரும் போகும் என்று சொல்ல முடியாது. போனில் ஓபஸாக ஏற்றிக்கொண்டால் வத்தலக்குண்டு இறங்கும்வரை ஒரு நாடகம் ஓடும். திறந்த வடிவமா, அதெல்லாம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு தகவல்: நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஓபஸ்தான்.

தமிழுக்கென்று ஒரு சமாச்சாரம். வோர்பிஸ், ஃப்ளாக், ஓபஸ் மூன்றிலும் பாட்டின் பெயர், ஊர், வருடம் எழுதும் இடம் முதலிலிருந்தே யூனிகோடு. எவ்வளவு நீளமும் எழுதலாம். எம்பி3யில் இந்த விவரங்களை எழுதும் இடத்துக்குப் பெயர் ஐடி3, அதன் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுதான். யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. ‘பண்ணைக்காடு’ என்று எழுதினால் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து 11 குறி, 33 பைட்டு. என் பழைய மென்பொருள் அதை முப்பதில் வெட்டி, எங்கள் ஊரை ‘பண்ணைக்காட’ ஆக்கி வைத்திருந்தது. புதிய ஐடி3யில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் பழையதை மட்டும் படிக்கும் பிளேயர்கள் இன்னும் வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டி என்றதும் குறைகளுக்கு வருகிறேன். ஜீப், வேன், டிராக்டரில் மாட்டியிருக்கும் யூஎஸ்பி செட்டுகளில் பெரும்பாலானவை எம்பி3 தவிர வேறெதையும் கண்டுகொள்ளாது. சிலது ஃப்ளாக் வாசிக்கும், ஓபஸைக் கண்டால் ‘நோ ஃபைல்’ என்று காட்டிவிட்டு ரேடியோவுக்குத் தாவிவிடும். ஒரு தடவை தாண்டிக்குடி பக்கம் ஒரு விசேஷத்துக்கு, லேப்டாப் எதற்கு என்று பென் டிரைவில் ஓக்காகப் போட்டுக்கொண்டு போய், மிக்ஸர் அதை வாசிக்காமல், பந்தலில் இருந்தவர்கள் முன்னால் பேந்தப் பேந்த விழித்தேன். பொண்ணு அழைப்புக்குப் பாட்டில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் போனை மைக்கில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மானக்கேட்டுக்குப் பிறகு செட்டுக்குப் போகும் டிரைவில் எம்பி3 மட்டும்தான்.

கடைக்கு வந்து, “அண்ணே, எட்டு ஜிபி கார்டு, சாமி பாட்டு புல்லா ஏத்திருங்க” என்பவர்களுக்கும் எம்பி3தான். முன்பென்றால் கூசியிருக்கும். எம்பி3யின் காப்புரிமைகளும் காலாவதியாகி, 2017 ஏப்ரலில் ஃபிரான்ஹோஃபரே உரிமத் திட்டத்தை மூடிவிட்டது. பிறகு எதற்கு விரதம்?

ஆக, இப்போதைய ஏற்பாடு: வீட்டு டிஸ்க்கில் ஃப்ளாக், என் போனில் ஓபஸ், ஊருக்கு எம்பி3. வோர்பிஸ்? ஆரம்ப காலத்தில் சிடியிலிருந்து நேராகப் பதிந்த பாட்டுகள் மட்டும் அதில் அப்படியே கிடக்கின்றன. மாற்றவில்லை, ஒருமுறை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிப் பட்டது போதும்.

பீரோவில் இன்னும் 41 கேசட் பாக்கி. டெக்கின் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகிவிட்டது, திண்டுக்கல்லில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது உச்சிச் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை. திருகாணியை நான் திருப்ப, பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னும் கொஞ்சம்பா… போதும், நிறுத்து” என்கிறாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.