கத்திரி வெயிலும் கருப்பனின் தூளியும்

மே மாதக் கத்திரி தாங்காமல் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம், நாட்டு நாய் கருப்பனோடு. அதற்காகப் புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கியதுதான் இந்தப் பின்சீட் விரிப்பு. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தூளி மாதிரி கட்டுவது. விலை 1,450 ரூபாய்.

தண்ணீர் இறங்காது என்றார் கடைக்காரர். உண்மைதான். ஆத்தூர் தாண்டியதும் கருப்பன் தின்ற தயிர்சோற்றை அப்படியே கக்கினான். சீட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், முடிந்தது. ஆனால் மலை ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் வழுக்கல். பாவம், பிள்ளை இங்குமங்கும் உருண்டான். பாதி மலையில் என் மனைவி பின்னால் போய் மடியில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது கொக்கி ஒன்று பிய்ந்தே போனது. மேலே பழைய கோணிச்சாக்கை விரித்த பிறகுதான் நிலையாகப் படுத்தான்.

பெரிய குறை, முன்னாலிருந்து வரும் ஏசி காற்றை இது மறைக்கிறது. நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூடு தணியும். நடுவில் வலை வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் விடிகாலை 4 மணிக்கே கிளம்பியதால் தப்பித்தோம். டீக்கடையிலும் ஒருவர் மாற்றி ஒருவர்தான் இறங்கினோம். பூட்டிய வண்டியில் அவனை விடவே இல்லை.