கரும்பலகைமேல் புரொஜெக்டர்: ஒன்றரை வருடம் வகுப்பில் வைத்துப் பார்த்தது

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்த கையோடு மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு குட்டி புரொஜெக்டர் வாங்கினேன். 5,800 ரூபாய். பெட்டியில் போட்டிருந்த லூமென்ஸ் கணக்கை நம்பினால் தெப்பக்குளம் முழுக்க வெளிச்சம் அடிக்கலாம். கடைக்காரர் கடையின் பின்பக்க இருட்டில் ஒரு படம் ஓட்டிக் காட்டினார், நானும் மயங்கிவிட்டேன். அதோடு 900 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். போன் ஏற்கெனவே கையில் இருந்த பழையது. இந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு முதலாண்டுப் பயிற்சிக்கும் இரண்டாமாண்டு நீண்ட பயிற்சிக்கும் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போய்வந்தேன். "என்ன வாங்கலாம்க்கா?" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நீர்ச்சுழற்சி வீடியோ. காலை பத்தரை மணி, ஓட்டுக் கட்டடம், இரண்டு பக்கமும் ஜன்னல். வெள்ளைச் சுவரில் மங்கலாக ஏதோ அசைந்தது. "டீச்சர், படம் எப்ப வரும்?" என்று ஒரு பையன் கேட்டபோது படம் ஓடி முடிந்திருந்தது. ஜன்னலில் பெட்ஷீட் கட்டிப் பார்த்தேன். காற்று நின்றது, வேர்த்து ஊற்றியது, இருட்டானதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஊளையிட ஆரம்பித்தார்கள்.

புரொஜெக்டரால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், இருட்டை உண்டாக்க முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், சுவர் எந்த நிறமோ அந்த நிறமாகத்தான் தெரியும். பகல் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரில் கறுப்பு எங்கிருந்து வரும்? இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தலைமையாசிரியைக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "ஏம்மா, சுவத்துலதான் தெரியலையே, போர்டுல அடிச்சுப் பாரேன்" என்றார்.

பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்தில், அவர்கள் எழுதுவதற்கென்றே சுவரின் கீழ்ப்பாகம் முழுக்கக் கறுப்படித்து விட்டிருந்தார்கள். அதில் கறுப்புப் பின்னணியில் தடித்த வெள்ளைக் கோட்டைப் போட்டால் பகலிலும் தெரிந்தது. ஒளி கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கோடு கோடாக இருந்தது. அன்றோடு வீடியோ போடுவதை ஏறக்குறைய விட்டுவிட்டேன். எழுத்தைப் பெரிதாகப் போடுவேன், பிள்ளைகள் அதன்மேல் சாக்பீஸால் எழுதுவார்கள். ண, ன இரண்டுக்கும் எங்கே சுழி, எத்தனை சுழி என்பது கைக்குத் தெரிந்துவிடும். புரொஜெக்டரை அணைத்ததும் பலகையில் அவர்கள் எழுதியது மட்டும் நிற்கும். அதைப் பார்த்துக் கை தட்டுவார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு வைகையைப் போட்டேன். வருசநாட்டு மலையில் தொடங்கி ஆண்டிபட்டிப் பக்கம் அணை, அது 1959இல் திறந்தது, அப்புறம் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஆளுக்கொரு துண்டாக வரைந்தார்கள். "எங்க அம்பத்தெட்டுக் கால்வா எங்க டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரும் கால்வாய். என் படத்தில் அது இல்லை. அவளே சாக்பீஸை வாங்கி அணையிலிருந்து ஒரு கோடு இழுத்துவிட்டாள். அளவெல்லாம் சரியில்லைதான், நானும் அழிக்கச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. போன் திரையைப் பலகையில் காட்டும்போது அழைப்புகளை முடக்கி வையுங்கள். ஒருநாள் பாடத்தின் நடுவில் அம்மாவிடமிருந்து போன் வர, பலகையில் பெரிதாகப் பெயர் விழுந்தது. இப்போதுதான் வாசிக்கத் தொடங்கும் அரும்பு நிலைப் பிள்ளைகள்கூட ஒரே குரலில் "அம்மா" என்று வாசித்தார்கள். அந்த வாரத்திலேயே நன்றாக நடந்த வாசிப்புப் பயிற்சி அதுதான்.

பாடநூலில் 2018 முதல் விரைவுத் துலங்கல் குறியீடு (க்யூஆர் கோடு) இருக்கிறது. திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் அதற்கான வீடியோக்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். முதல்நாள் ராத்திரி வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். பள்ளியில் டவர் எடுக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி, தப்பு சொல்லும் செயலி ஒன்றும் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் வாழைப்பழம் வாயில் வாளப்பளமாகத்தான் வரும். செயலி அதைச் சில நாள் ஏற்றுக்கொள்ளும், சில நாள் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஏன் என்று கடைசிவரை பிடிபடவில்லை. நாலு முறை சொல்லிப் பார்த்த ஒரு பிள்ளை, "இதுக்குக் காது கேக்காதா டீச்சர்?" என்றாள். சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் தப்பு என்று காட்டியபோது அதை எடுத்துவிட்டேன். வகுப்பிலேயே பேசப் பயப்படும் பிள்ளையிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

கடைசியில் அதிகம் உதவியது போனிலேயே இருக்கும் குரல்பதிவுதான். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு கீழ் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலை பார்த்துத்தான் பாடம். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் மொட்டா அரும்பா என்றே எனக்குத் தெரியவில்லை, வாயைத் திறந்தால்தானே? வேப்பமரத்தடியில் தனியாக உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுத்துவிட்டு நான் தள்ளிப் போய்விட்டேன். எட்டு வரி வாசித்திருந்தான். ஸ்பீக்கரில் போட்டதும், "இது நானில்ல" என்றான். மூன்றாவது நாள் தானாக வந்து, "மறுபடி எடுங்க டீச்சர், நடுவுல ஒண்ணை விட்டுட்டேன்" என்றான். அந்தத் தப்பை நான் சொல்லவில்லை, செயலியும் சொல்லவில்லை.

அதன்பிறகு வாரம் ஒருமுறை ஆளுக்கு ஒரு நிமிடம் பதிவு. மாதக் கடைசியில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போடுவேன். பதிவேட்டில் நான் எழுதிய குறிப்புகளைவிட அதில் விஷயம் தெளிவாக இருந்தது.

அந்த இரண்டாம் வகுப்புப் பையனின் அப்பத்தாவிடம் ஒரு கதை கேட்டுப் பதிந்துவந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டு எழுதச் சொன்னேன். பாட்டி "கம்மா" என்றார், புத்தகத்தில் "கண்மாய்". எதை எழுதுவது என்று வகுப்பில் பெரிய வழக்கே நடந்தது. பாட்டி பேசும் இடத்தில் கம்மா, மற்ற இடத்தில் கண்மாய் என்று அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். (எங்கள் பாடத்திட்டக் குறிப்பேட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் விழித்தேன்.)

பிள்ளைகள் முகம் தெரியும் எதையும் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்பது தலைமையாசிரியை முதல் நாளே சொன்னது. குரலுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

எது எவ்வளவு தாங்கியது என்று கேட்டால், புரொஜெக்டர் லென்சுக்குள் சாக்பீஸ் தூசி போய் ஓரமாக ஒரு திட்டு விழுந்துவிட்டது. விசிறிச் சத்தம் இப்போது மாவு மில் மாதிரி. கேபிள் ஒருமுறை மாற்றினேன். ஸ்பீக்கர் இரண்டு முறை கீழே விழுந்தும் பாடுகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் ஸ்பீக்கரில் தொடங்குங்கள். புரொஜெக்டர்தான் வேண்டும் என்றால் கடை வாசல் வெளிச்சத்தில் ஒரு கறுப்புப் பலகைமேல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. என்னுடையதைப் போன வாரம் முதலாண்டுத் தங்கை ஒருத்தி 2,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டாள், அந்தத் திட்டையும் காட்டித்தான் கொடுத்தேன். ஸ்பீக்கரையும் சேர்த்துக் கேட்டாள். அதைக் கொடுக்கவில்லை.