பொங்கல் ஓட்டம்: போய்த் திரும்பும் சாலையா, சுற்றுப் பாதையா?

போகிக் காலையில் புகை. பொங்கலன்று வாசலுக்கு வாசல் கோலம், கோயிலில் கூட்டம். மறுநாள் சாலையெங்கும் மாடுகள். ஊர் ஓட்டத்துக்கு வசதியான நாள் காணும் பொங்கல்தான். நாளை முடிவு செய்த விழாக்குழு அடுத்து முட்டிக்கொள்வது பாதையில்: 5 கி.மீ.-க்கு 2.5 கி.மீ. போய்த் திரும்புவதா, ஒரே சுற்றாக வருவதா?

போய்த் திரும்பும் பாதையில் செலவு பாதி. காவல் நிற்க வேண்டிய தெருமுனைகள் ஏறக்குறைய பாதியாகும். நடுவில் வைக்கும் ஒரே தண்ணீர் மேசை போகிறவர்க்கும் வருகிறவர்க்கும் உதவும். சிக்கல் சாலை அகலத்தில். 17 நிமிடத்தில் முடிக்கும் ஓட்டக்காரர் எட்டரை நிமிடத்தில் திரும்புவார். கி.மீ.-க்கு 12 நிமிடம் எடுத்து, குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவர் அப்போது 700 மீட்டர்தான் கடந்திருப்பார். 13-ஆம் நிமிடம் வாக்கில், தொடக்கக் கோட்டிலிருந்து 1.1 கி.மீ. தள்ளி இருவரும் எதிரெதிரே வருவார்கள். நடுவில் கயிறோ கூம்போ இல்லாத குறுகிய சாலையில் மோதல் நடப்பது இங்கேதான். திருப்பத்தில் ஒற்றைக் கூம்பை வைத்தால் எல்லாரும் அதை ஒட்டியே வளைந்து ஒருவர் காலில் ஒருவர் இடறுவார்கள். நாலைந்து கூம்புகளை அரைவட்டமாக வைத்து, வந்தவர் எண்ணைக் குறித்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். பாதியில் திரும்புகிறவர்கள் இல்லாத ஊர் கிடையாது.

சுற்றுப் பாதையில் எதிர்வரவு இல்லை. ஆனால் ஒவ்வொரு தெருமுனைக்கும் விசிலோடு ஆள் வேண்டும். சாலையை முழுதாக மூட முடியாவிட்டால் இடப்பக்கமே திரும்பும்படி சுற்றை அமையுங்கள். இடது ஓரமாக ஓடுகிறவர் வண்டிகளின் குறுக்கே போக வேண்டியிருக்காது. தேரோடும் வீதிகளில் மட்டும் இது எடுபடாது. கோயிலை வலம் வந்தே பழகிய வீதியில் பிள்ளைகளை இடமாக ஓடவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும்கூட. அங்கே வலமாகவே ஓடவிட்டு, ஓட்டம் முடியும் வரை வண்டிகளை முழுதாக நிறுத்துவதே வழி.

சாலை 7 மீட்டருக்கு மேல் இருந்தால், பெரியவர்களுக்குப் போய்த் திரும்பும் பாதையே எங்கள் தேர்வு. பாதையைக் கைபேசியால் அளக்காதீர்கள். அது காட்டும் புள்ளிகள் இங்குமங்கும் தள்ளி விழுவதால் தூரம் கூடித் தெரியும். கடைசியில் பாதை குறைந்துபோகும். 300 மீட்டரை இரும்பு டேப்பால் அளந்து, சைக்கிள் சக்கரம் அதில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, அந்தக் கணக்கில் முழுப் பாதையையும் அளந்து, கி.மீ.-க்கு 1 மீட்டர் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

சிறுவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களைத் திரும்பி ஓடவிடக் கூடாது. முன்னால் ஓடுகிறவன் திரும்பியதைப் பார்த்ததும் பின்னால் வருகிறவர்கள் கூம்பு வரை போகாமலே திரும்பிவிடுவார்கள். ஆறு வயதுக்குள் 100 மீட்டர் நேர்க்கோடு, 7 முதல் 9 வரை 400 மீட்டர், 10 முதல் 12 வரை 1 கி.மீ. சுற்று. ஒவ்வொரு வயதையும் தனித்தனியாக விடுங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் 20 மீட்டர் வெற்றிடம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கோட்டைத் தொட்டதும் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பின்னால் வருவது முதுகில் மோதும். பெற்றோர் கயிற்றுக்கு வெளியேதான். பிள்ளை சட்டையில் குத்திய அதே எண் பெற்றோர் கைப்பட்டையிலும் இருந்தால்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

சிறுவர் ஓட்டம் பெரியவர்களுக்கு முன்பா, பின்பா? பின்பு வைத்தால் அப்பா அம்மா ஓடி முடித்துக் கூட நிற்கலாம். ஆனால் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு எட்டு மணி வெயிலில் காத்திருக்க வேண்டும். கடைசியாக நடந்து வருகிறவர்களும் அதே கோட்டில் குறுக்கிடுவார்கள். பொழுது விடிந்ததும் சிறுவர்கள், அதிலும் மிகச் சிறியவர்கள் முதலில், 7.20-க்குப் பெரியவர்கள் என்பதே சரி. பெரியவர்கள் ஓடும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அடைப்பும் நான்கு பேரும் வேண்டும்.

நேரக் கணக்கில், 150 பேருக்குள் என்றால் சிப் (ஓடுகிறவர் கோட்டைக் கடக்கும் நேரத்தைத் தானாகப் பதியும் சில்லு) தேவையில்லை. ஒருவர் கடிகாரத்தை அழுத்த, இன்னொருவர் எண்ணை எழுதலாம். இரண்டு பட்டியலும் ஓரிடத்தில் பிசகினால் அதன் பிறகு எல்லாமே தப்பாகும். அதனால் பத்தாவது, இருபதாவது, முப்பதாவது ஆளின் எண்ணை இருவரும் உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல் கூட்டம் என்றால் சிப்புக்குச் செலவழிப்பதே நல்லது. எண் அட்டை மடங்காமல், நெஞ்சுக்கு நேரே நான்கு ஊக்குகளால் குத்தியிருக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழே நேரமே குறிக்க வேண்டாம். வந்த எல்லாருக்கும் ஒரே பதக்கம், கையில் ஒரு துண்டுக் கரும்பு. சக்கைக்கு ஒரு கூடையை முடிவுக் கோட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அது சாலையில் விழுந்தால் அடுத்து ஓடிவருகிறவர் வழுக்கி விழுவார்.